வண்டிக் குளிர்சாதனமும் அலுமினியக் குழாயும்

நெசவாளரும் விவசாயிகளும் வாசிக்கும் இவ்விதழில் அலுமினியக் குழாயை வளைக்கும் வித்தைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சொன்னது மட்டுமன்று, எழுத்திலும் போட்டு வைத்தேன். அதனால் விளைந்த நஷ்டத்தைக் கண்ட பிறகே இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ள முனைந்தேன்.

நான் தணிக்கை செய்யும் சங்கங்களுள் ஒன்று காய்கறி விளைவிப்போர் சங்கம். அதற்குக் குளிரூட்டப்பட்ட வண்டிகள் இரண்டும், அவற்றைப் பழுது பார்க்கச் சிறு பட்டறை ஒன்றும் உண்டு. ஓர் ஆண்டு, பட்டறை மேஸ்திரியின் வேண்டுகோளின் பேரில், குழாய் வளைக்கும் கருவியும் புதுக் குழாய்களும் வாங்கப் பஞ்சாயத்தார் தீர்மானித்திருந்தார்கள். 'நேரடிப் பயன் இல்லாத செலவு' என்று நான் ஆட்சேபக் குறிப்பு எழுதினேன், கொள்முதல் நின்றது. மறு ஆண்டு கணக்கைப் பார்க்கையில், ஒரு வண்டிக்கு மட்டும் அந்தக் கோடையில் நான்கு முறை குளிர்சாதனக் கேஸ் நிரப்பியிருந்தது தெரிந்தது. ஒவ்வொரு ரசீதும் சிறியது. காரியதரிசி தம் அதிகாரத்திலேயே அனுமதிக்கக்கூடிய தொகை. டீசல், எண்ணெய் ஆகியவற்றோடு சேர்த்து 'ஓட்டச் செலவு' என்ற தலைப்பில் எழுதப்பட்டிருந்தமையால் எவரும் காரணம் கேட்கவில்லை. ஐந்தாம் முறை நிரப்ப அவசியம் நேரவில்லை. மே மாதத்து இரவொன்றில் நடுவழியிலேயே கம்ப்ரஸர் இறுகி நின்றுவிட்டது. வண்டியிலிருந்த பீன்ஸும் காலிபிளவரும் சந்தையை அடைந்தபோது விலை போகும் நிலையில் இல்லை. அச்சரக்கை ஒப்படைத்த அங்கத்தினர்களின் பெயர்களுக்கு எதிரே, அந்த வாரப் பட்டுவாடாப் பதிவேட்டில், வெறும் கோடுதான் இருந்தது.

பட்டறைக்குச் சென்று மேஸ்திரியைக் கேட்டேன். "சார், டீசலைக் குடிக்கிற வண்டி உண்டு, கேஸைக் குடிக்கிற வண்டி எங்கேயும் கிடையாது" என்றார் அவர். பிறகு கழற்றி வைத்திருந்த குழாயை என் கையில் கொடுத்தார். வளைவின் உட்புறத்தில் ஒரு மடிப்பு. மடிப்பின் ஓரத்தில் தலைமயிரினும் மெல்லிய ஒரு கீறல். கருவி இல்லாமையால் முழங்காலில் வைத்து வளைத்து, கோணம் தவறியதால் நிமிர்த்தி, மீண்டும் வளைத்த குழாய் அது.

அவர் சொன்னதை முதலில் விளக்கிவிடுகிறேன். வண்டிக் குளிர்சாதனம் ஒரு மூடிய சுற்று. எஞ்சினால் சுழலும் கம்ப்ரஸர் கேஸை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட சூடான கேஸ் கண்டென்ஸரில் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. திரவம் குறுகிய வாயிலொன்றின் வழியே குளிர்ச் சுருளுக்குள் பாய்ந்து, அங்குள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கேஸாகிக் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. இதில் எப்பொருளும் செலவாவதில்லை. கேஸ் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று மட்டுமே பொருள். அத்துடன், கம்ப்ரஸருக்கு உயவிடும் எண்ணெயும் கேஸோடு கலந்தே சுற்றி வருகிறது. கசிவின் வழியே அதுவும் வெளியேறுகிறது. கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் ஒரு நாள் கம்ப்ரஸர் எண்ணெயின்றி இறுகுவது திண்ணம். ஆகவே, கேஸ் நிரப்பும் செலவு ஓட்டச் செலவு அன்று, பழுதுச் செலவு. இரண்டாவது ரசீது வரும்போதே பஞ்சாயத்தார் காரணம் கேட்க வேண்டும்.

கேஸ் வீணாவதில் பணநஷ்டத்தோடு வேறொரு தீங்கும் உண்டு. முற்காலத்து ஆர்-12 என்ற கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்று கண்டு, 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின்படி உலக நாடுகள் அதைக் கைவிட்டன. அதன் இடத்தில் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 1,300 மடங்கு பூமியைச் சூடாக்கும் தன்மையுடையது. பழுது பார்க்குமுன் மீதிக் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் பிடித்து வைக்க வேண்டும்.

இந்த அறிவு குளிர்வண்டி வைத்திருக்கும் சங்கத்துக்கு மட்டும் உரியதன்று. 2025 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் தயாராகும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நூல் ஏற்றி வரும் லாரியிலும் இனி இதே குழாய் இருக்கும்.

இனிக் குழாயைப் பார்ப்போம். இவ்வேலைக்கு அலுமினியத்தைத் தேர்ந்ததன் காரணம் அதன் இலேசு; செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குழாய்களை 6, 8, 10, 12 என்று எண்ணிட்டு விற்கிறார்கள். இவ்வெண்கள் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கைக் குறிப்பவை. நம் பாட்டனார் 'வீசம்' என்று கணக்கிட்டதும் அதே பதினாறில் ஒன்றுதான். ஆகவே பத்தாம் எண் குழாய் என்பது பத்து வீசம் அங்குலம், அதாவது 5/8 அங்குலம், மில்லிமீட்டரில் 15.9. திரவம் செல்லும் குழாய் மெல்லியது. கேஸ் திரும்பும் குழாய் பருத்தது. ஆர்-134ஏ நிரப்பிய வண்டி நிழலில் சும்மா நிற்கும்போதே, 30 பாகை வெப்பத்தில், குழாயினுள் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்குச் சற்றுக் குறைவான அழுத்தம் இருக்கும். லாரிச் சக்கரத்துக் காற்றழுத்தத்துக்கு ஒப்பானது அது. கோடையில் எஞ்சின் ஓடும்போது கண்டென்ஸர் பக்கத்தில் 250 பவுண்டு வரை ஏறுவது சாதாரணம்.

பப்பாளி இலைக் காம்பைச் சிறுவர்கள் ஊதுகுழலாக்கி விளையாடுவதை யாவரும் கண்டிருப்போம். அக்காம்பை வளைத்துப் பாருங்கள். சிறிது தூரம் வளையும். பிறகு திடீரென்று உட்புறம் நொடித்து மடிந்து, வாய் அடைபடும். உள்ளீடற்ற எந்தக் குழாய்க்கும் இதுவே இயல்பு. வளைக்கும்போது வெளிப்புறச் சுவர் நீள்கிறது, நீள்வதால் மெலிகிறது. உட்புறச் சுவர் நெருக்குண்டு தடிக்கிறது, இடம் போதாவிட்டால் சுருங்கி மடிகிறது. இரண்டு சுவர்களும் நடுவை நோக்கி இழுபடுவதால் வட்டமான வாய் சப்பையாகிறது. வளைக்கும் வித்தை முழுவதும் இந்த மூன்றையும் அடக்கி வைப்பதே.

வெளிப்புறம் எவ்வளவு நீளும் என்பதை எளிதில் கணக்கிடலாம். குழாய் விட்டத்தில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். ஆரம் என்பது குழாயின் நடுக்கோடு வரை அளந்தது. 16 மில்லிமீட்டர் குழாயை 48 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் 8-ஐ 48-ஆல் வகுக்க, ஆறில் ஒரு பங்கு, நூற்றுக்கு ஏறக்குறைய 17. ஆரம் 32 ஆனால் நூற்றுக்கு 25. ஆரம் 24 ஆனால் நூற்றுக்கு 33. சுவர் 1.25 மில்லிமீட்டர் தடிப்புடையதானால், முதல் வளைவில் வெளிப்புறம் 1.07 ஆகவும், கடைசி வளைவில் 0.94 ஆகவும் மெலியும்.

இந்த நீட்சியைத் தாங்குமா என்பது உலோகக் கலவையையும் அதன் பதத்தையும் பொறுத்தது. அலுமினியம் என்று ஒரே பெயரில் விற்றாலும் எல்லாம் ஒன்றல்ல. சிறிது மாங்கனீஸ் கலந்த 3003 என்ற வகையை மெதுப்பதத்தில் வாங்கினால் அறுபடுமுன் நூற்றுக்கு முப்பது அளவுக்கு நீளும். மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்து, வெப்பத்தால் கடினமாக்கப்பட்ட 6061 டி-6 என்ற வகையோ பன்னிரண்டு அளவுக்குத்தான் நீளும். பார்வைக்கு இரண்டும் ஒரே வெண்மை. வலுவானது என்று கடைக்காரர் புகழ்ந்து கொடுக்கும் இரண்டாவது வகையை மேற்சொன்ன முதல் வளைவுக்கு உட்படுத்தினாலே வெளிப்புறம் வெடிக்கக்கூடும். ஆகவே குழாய் வாங்கும் ரசீதில் வகையும் பதமும் எழுதியிருக்க வேண்டும் என்று நான் இப்போது வற்புறுத்துகிறேன். ஆரம் விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். இடநெருக்கத்தால் அதைவிடக் குறுகிய வளைவு தேவைப்பட்டால், ஆலையில் வளைத்த முழங்கைத் துண்டை வாங்கிப் பற்றவைப்பது மேல்.

மெலிந்த சுவர் அழுத்தத்தால் வெடித்துவிடுமோ என்று நான் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயம் இல்லை. சுவர் ஒரு மில்லிமீட்டராக மெலிந்திருந்தாலும், 250 பவுண்டு அழுத்தத்தால் அதில் உண்டாகும் இழுவிசை மெதுவான அலுமினியத்தின் தாங்கும் வலுவில் பாதியைக்கூட எட்டுவதில்லை. உண்மையான பகை அதிர்ச்சி. எஞ்சினும் சாலையும் குழாயை நிமிடத்துக்கு எத்தனையோ ஆயிரம் முறை ஆட்டுகின்றன. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குட்பட்ட ஆட்டத்தை அது காலமெல்லாம் தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான வரம்பு கிடையாது. எவ்வளவு சிறிய ஆட்டமும் அதன் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. மடிப்போ கீறலோ இருக்கும் இடத்தில் அந்தப் பற்று பன்மடங்காக ஏறுகிறது. இதனால்தான் தவறாக வளைத்த குழாய் பட்டறையில் சோதிக்கும்போது கசிவதில்லை. மூன்றாவது வாரத்தில், முப்பதாவது நடையில் கசிகிறது. குற்றம் செய்தவனையும் குற்றத்தையும் இணைத்துப் பார்க்க முடியாதபடி நாட்கள் கடந்துவிடுகின்றன.

நிமிர்த்தி மீண்டும் வளைப்பது ஏன் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. கட்டுக்கம்பியை அறுக்கக் கத்தரி இல்லாதபோது என்ன செய்கிறோம்? முன்னும் பின்னும் மடக்குகிறோம். முதல் மடக்கில் மெதுவாக இருந்த கம்பி அடுத்த மடக்கில் விறைக்கிறது, பிறகு ஒடிகிறது. அலுமினியக் குழாயும் ஒவ்வொரு வளைப்பிலும் கடினமாகிறது. நீளும் சக்தியில் ஒரு பகுதியைச் செலவழித்து விடுகிறது. இரண்டொரு பாகை திருத்தம் பொறுத்துக்கொள்ளும். இருபது பாகை தவறினால் அத்துண்டைப் பழைய உலோகக் கூடையில் போடுவதே முறை. ஆகவே ஒரே முறையில் சரியாக வளைய வேண்டும். அதற்கு அளவு முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும்.

அளவு எடுப்பது இப்படி. மூன்று மில்லிமீட்டர் இரும்புக் கம்பியொன்றை எடுத்து, வண்டியிலேயே குழாய் செல்ல வேண்டிய வழியில் வளைத்து மாதிரி செய்துகொள்ள வேண்டும். கம்பியை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம், அதற்குத்தான் அது. சூடான பாகங்களுக்கும் சுழலும் பட்டைக்கும் விலகி, உடலில் எங்கும் உரசாமல், ஒவ்வொரு முனைக்கும் அருகில் நட்டு நகர இடம் விட்டுச் செல்ல வேண்டும். மாதிரியிலிருந்து நேர்ப் பகுதிகளின் நீளத்தை மூலைப்புள்ளி வரை, அதாவது நடுக்கோடுகள் சந்திக்கும் இடம் வரை அளக்கலாம்.

இங்கே நெசவாள அன்பர்களுக்குப் பழகிய ஒரு கணக்கு வருகிறது. பாவு நூல் ஊடைக்கு மேலும் கீழுமாகச் சென்று வருவதால், துணியின் நீளத்தைவிடப் பாவு அதிகமாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். குழாயில் இது தலைகீழ். மூலை வழியே செல்லாமல் வளைவு வழியே குறுக்கே செல்வதால், அளந்ததைவிடக் குறைவான நீளமே போதும். செங்கோண வளைவுக்கு மூலைவழித் தூரம் ஆரத்தின் இரு மடங்கு. வளைவு வழித் தூரம் ஆரத்தை 1.57-ஆல் பெருக்கியது. மிச்சம் ஆரத்தில் 0.43 பங்கு. ஒரு பக்கம் 300, மறுபக்கம் 200 மில்லிமீட்டர், ஆரம் 48 என்றால், மொத்தம் 500-இல் 20.6 கழித்து 479.4 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும். நான்கு வளைவுள்ள குழாயில் இந்தக் கழிவை மறந்தால் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் மிஞ்சும். அதை நெருக்கிப் பொருத்த முயலும்போதுதான் முழங்கால் வேலை தொடங்குகிறது.

குறியிடுவதற்குப் பேனா மை போதும். ஊசியால் கீறினால் அக்கீறலே பிற்கால வெடிப்பின் விதையாகும். சக்கர வெட்டியால் மெதுவாகச் சுற்றி வெட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து உட்பிசிறை நீக்க வேண்டும். உள்ளே விழும் உலோகத் துகள் கம்ப்ரஸரில்தான் போய்ச் சேரும்.

வளைக்கும் கருவி பெரிய யந்திரம் அன்று. பள்ளமிட்ட அரைவட்டச் சக்கரம் ஒன்றும், குழாயை அதன்மேல் அழுத்திச் செல்லும் கட்டை ஒன்றும், இரண்டு கைப்பிடிகளும் உடையது. அதன் சாமர்த்தியமெல்லாம் பள்ளத்திலே இருக்கிறது. பள்ளம் குழாயின் இரு பக்கங்களையும் இறுக அணைப்பதால் வாய் சப்பையாக இடமில்லை. ஆகவே பள்ளமும் குழாயும் ஒரே அளவாக இருத்தல் அவசியம். ஆறாம் எண் குழாய் 9.5 மில்லிமீட்டர், அதைப் பத்து மில்லிமீட்டர் பள்ளத்தில் வைத்து வளைத்தால் அணைப்புத் தளர்ந்து பக்கம் பிதுங்கும். கருவி வாங்கும் சங்கங்கள் அங்குல அளவுக் கருவியா, மில்லிமீட்டர் அளவுக் கருவியா என்று பார்த்து வாங்குக.

நகரும் கட்டையில் ஒரு துளி எண்ணெய் இட்டு, குறியைச் சக்கரத்தின் சுழிக்கோட்டில் பொருத்தி, நிறுத்தாமல் சீராக ஒரே இழுப்பில் வளைக்க வேண்டும். விட்டவுடன் குழாய் சற்றுத் திரும்பி விரியும். எத்தனை பாகை விரியும் என்பது குழாய்க்குக் குழாய் வேறுபடுமாதலால், அதே குழாயின் வெட்டுத் துண்டொன்றில் முதலில் வளைத்துப் பார்த்து, அந்த அளவு கூட்டி வளைக்க வேண்டும். முதல் வளைவு முடிந்ததும் மாதிரிக் கம்பியோடு ஒத்துப் பார்த்து, அடுத்த வளைவு எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். தவறு பெரும்பாலும் கோணத்தில் நேர்வதில்லை, திசையில் நேர்கிறது. முனையைத் தட்டிப் புடைக்குமுன் நட்டை உள்ளே போட மறப்பதும் உண்டு. முப்பது வருஷ அனுபவமுள்ள மேஸ்திரியே என் எதிரில் ஒரு முறை மறந்தார்; இருவரும் சிரித்தோம்.

செம்புக் குழாயில் பழகிய சிலர், காய்ச்சினால் எளிதில் வளையும் என்று தீயைக் கையில் எடுப்பார்கள். செம்பு செவ்வொளி காட்டி எச்சரிக்கும். அலுமினியம் அவ்வாறு எச்சரிப்பதில்லை. நிறம் மாறாமலே இருந்து 660 பாகையில் திடீரென்று உருகி விழும். சோப்பைத் தேய்த்து, அது கறுக்கும் வரை மட்டும் காய்ச்சும் பழைய உபாயம் பாத்திரத் தகட்டுக்குப் பொருந்தும். குளிர்சாதனக் குழாய்க்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். காய்ந்த இடம் மெலிந்தும் காயாத இடம் விறைத்தும் நிற்க, இரண்டும் சந்திக்கும் வரம்பில் அதிர்ச்சி வேலை செய்யும். மணல் நிரப்பி வளைப்பதும் கூடாது. ஒரு மணல் உள்ளே தங்கினாலும் கம்ப்ரஸரைத் தேய்த்துவிடும்.

வளைத்த குழாயை உடனே பொருத்தாவிடில் இரு வாய்களையும் மூடி வைக்க வேண்டும். இச்சாதனத்து எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சுவது. எஞ்சினிலிருந்து வண்டி உடலுக்குச் செல்லும் பகுதி ரப்பர் ஹோஸாகவே இருக்க வேண்டும். அலுமினியம் அந்த ஆட்டத்தைத் தாங்காது. மற்ற இடங்களில் ரப்பர் உறையிட்ட கவ்விகளால் பிடித்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் புதிய ஓ-ரிங். நட்டை முடுக்குகையில் இரண்டு ஸ்பானர்கள், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. இல்லையேல் கஷ்டப்பட்டு வளைத்த குழாய் கடைசி நிமிடத்தில் முறுக்குண்டு போகும்.

கசிவைச் சோதிக்க நைட்ரஜன் வாயுவை, அழுத்தம் காட்டும் மானியோடு, செலுத்திச் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். பற்றவைப்புக்கு வைத்திருக்கும் ஆக்ஸிஜன் உருளையை இதற்கு ஒருபோதும் இணைக்கலாகாது. எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும். கசிவில்லை என்று கண்டபின் பம்பினால் காற்றையும் ஈரத்தையும் அரைமணி நேரமாவது இழுத்து வெளியேற்றி, குறைந்த எண்ணெயை ஈடு செய்து, கேஸைத் தராசில் நிறுத்தே நிரப்ப வேண்டும்.

அந்தச் சங்கத்தில் என் ஆட்சேபத்தை நானே திரும்பப் பெற்றுக் குறிப்பு எழுதினேன். கருவி வந்தது. கேஸ் செலவுக்கு இப்போது தனித் தலைப்பு உண்டு. வண்டி எண், நிறுத்த எடை, தேதி மூன்றும் அதில் எழுதப்படுகின்றன. இரண்டு வண்டிகளின் குழாய்களுக்கும் உரிய மாதிரிக் கம்பிகள் பட்டறைச் சுவரில், எண் கட்டித் தொங்குகின்றன. சென்ற தணிக்கையின்போது அவற்றையும் இருப்புப் பட்டியலில் சேர்த்துச் சரிபார்த்தேன்.